பெரிய விமானம் மதுரைக்கு வருமா? வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் முழுக்க விமான என்ஜின்தான். கேட்டவர்கள் எல்லோரும் நம் மதுரைச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள்.

பெருங்குடி வாசகர்: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் இறங்குகிற விமானமெல்லாம் தெரிகிறது. எமிரேட்ஸ் மாதிரி பெரிய விமானம் மட்டும் ஏன் கண்ணிலேயே படுவதில்லை?

ஓடுதளம் போதாது, ஒப்பந்தமும் இல்லை. மதுரை ஓடுதளத்தின் நீளம் 2,285 மீட்டர். எமிரேட்ஸ் ஓட்டும் போயிங் 777-300ஈஆர், முழு எடையான 351 டன்னோடு எழும்ப, மிதமான வெயிலிலேயே சுமார் 3,000 மீட்டர் வேண்டும். கிட்டத்து ஊருக்குக் குறைந்த எரிபொருளோடு போகிற போயிங் 787 இந்த நீளத்தில் ஒருவேளை சமாளிக்கலாம். ஆனால் ஆளையும் சரக்கையும் குறைத்துக்கொண்டு பறந்தால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது.

அடுத்தது ஒப்பந்தம். வெளிநாட்டு நிறுவனம் எந்தெந்த இந்திய ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு அரசுகளும் எழுதி வைத்துக்கொள்கின்றன. வளைகுடாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் சம்பந்தப்பட்ட அந்தப் பட்டியல்களில் மதுரையைச் சேர்க்கச் சொல்லித் தென்மாவட்ட வணிகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஓடுதளத்தை 3,800 மீட்டருக்கு நீட்டும் திட்டமும் நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டும் கைகூடினால்தான் உங்கள் மாடியிலிருந்து பெரிய விமானம் தெரியும்.

திருமங்கலம் மாணவர்: பெரிய விமானத்தின் என்ஜின் எவ்வளவு பெரிது?

மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருப்பாய். அதன் உடல் அகலம் மூன்று மீட்டருக்கும் குறைவு. 777-300ஈஆர் விமானத்தில் மாட்டியிருக்கும் ஜிஇ90-115பி என்ஜினின் விசிறி விட்டம் 3.25 மீட்டர். ஏடிஆர் விமானத்தின் உடலே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த விசிறியில் 22 இறக்கைகள். அவை கார்பன் இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை. காற்றை முதலில் சந்திக்கும் விளிம்பில் மட்டும் டைட்டானியம் உறை. புறப்படும்போது ஒரு என்ஜின் நொடிக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் காற்றை இழுத்து, சுமார் 52 டன் விசையோடு விமானத்தைத் தள்ளுகிறது. அதற்கடுத்து வந்த ஜிஇ9எக்ஸ் இன்னும் பெரிது: விட்டம் 3.4 மீட்டர், இறக்கைகளோ 16 மட்டும்.

சோழவந்தான் ஆசிரியை: 'ஹை பைபாஸ் டர்போஃபேன்' என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

முடியும் அம்மா. முன்னால் பெரிய விசிறி. அதன் நடுவே, பின்னால், சிறிய உலை. விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு மட்டும் உலைக்குள் போய், அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன்தான் விசிறியையும் சுழற்றுகிறது. மீதிக் காற்று உலையைத் தொடாமல் அதைச் சுற்றியபடியே பின்னால் போய்விடுகிறது. உள்ளே போவது ஒரு பங்கு, வெளியே போவது ஒன்பது பங்கு என்றால் பைபாஸ் விகிதம் ஒன்பது.

எதற்கு இந்த ஏற்பாடு? கரும்பலகையில் இரண்டு வரி எழுதுங்கள். தள்ளும் விசை, காற்றின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. செலவாகும் ஆற்றலில் வேகம் இருமடியாக ஏறுகிறது. காற்றை இரண்டு மடங்காக்கி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை அப்படியே இருக்கும். ஆற்றல் பாதிதான் செலவாகும். கொஞ்சம் காற்றைச் சீறவிடுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதே லாபம். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் நகர்வதும் இப்படித்தான்: ஆயிரம் கைகள், அவசரமில்லாத இழுப்பு. எரிபொருள் சிக்கனம், குறைந்த இரைச்சல் இரண்டும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

அவனியாபுரம் வாசகர்: அப்படிப்பட்ட என்ஜின் நம் ஊருக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகுமா?

தினமும் வந்துகொண்டிருக்கிறது! மதுரையில் இறங்கும் ஏ320நியோ வகை விமானங்களைக் கவனியுங்கள். அவற்றில் இருப்பது லீப்-1ஏ அல்லது பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100ஜி. லீப் என்ஜினின் பைபாஸ் விகிதம் 11. பிராட் அண்ட் விட்னியுடையது 12-க்கும் மேல். எமிரேட்ஸ் 777-இன் ஜிஇ90 என்ஜினுக்கு ஒன்பதுதான். உருவத்தில் சின்னதானாலும் விகிதத்தில் நம் ஊருக்கு வருவதே பெரிது.

பிராட் அண்ட் விட்னி இதை ஒரு பல்சக்கரப் பெட்டியால் சாதித்தது. டர்பைன் வேகமாகச் சுழல வேண்டும், பெரிய விசிறி மெதுவாகச் சுழல வேண்டும். நடுவே கியர் வைத்தால் இரண்டும் நடக்கும். இதே உத்தியைப் பெரிய விமானத்துக்குக் கொண்டுபோக ரோல்ஸ்ராய்ஸ் உருவாக்கிய 'அல்ட்ராஃபேன்' 2023-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் சோதனை ஓட்டம் கண்டது.

மேலூர் வாசகி: அந்த பிராட் அண்ட் விட்னி என்ஜினால்தானே பல விமானங்கள் நின்றுபோயின?

ஆமாம். 2023 ஜூலையில் அந்த நிறுவனமே அறிவித்தது: சில ஆண்டுகளில் செய்த உலோகத் தூளில் மாசு கலந்துவிட்டது, அதிலிருந்து உருவாக்கிய சுழல் தட்டுகளில் விரிசல் விடலாம், கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று. இந்தியாவில் இண்டிகோவின் விமானங்கள் பல பத்துக் கணக்கில் தரையில் நின்றன. அதற்கு முன்பே, 2023 மே மாதம், கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் இந்த என்ஜின்களைக் காரணம் காட்டித் தன் சேவையையே நிறுத்தியிருந்தது. தட்டில் விரிசல் விட்டு நடுவானில் உடைவதைவிட, விமானம் தரையில் நிற்பது எவ்வளவோ மேல். சோதனைக்கு நிறுத்தியது சரியான முடிவு.

உசிலம்பட்டி வாசகர்: இந்தியாவுக்கு டர்போஃபேன் என்ஜின் எப்போது வந்தது?

ஏர் இந்தியாவின் கதையே இந்த என்ஜினின் கதை. 1960-இல் வந்த போயிங் 707-இல் ரோல்ஸ்ராய்ஸ் கான்வே. பைபாஸ் விகிதம் வெறும் 0.3 அளவு. 1971 ஏப்ரலில் 'எம்பரர் அசோகா' என்ற பெயரோடு வந்த போயிங் 747-இல் பிராட் அண்ட் விட்னி ஜேடி9டி. விகிதம் ஐந்தைத் தொட்டது. 2012-இல் வந்த 787 ட்ரீம்லைனரில் ஜிஇஎன்எக்ஸ், ஒன்பது அளவு. 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த ஏ350-இல் ரோல்ஸ்ராய்ஸ் ட்ரெண்ட் எக்ஸ்டபிள்யூபி, 9.6. முதல் பாய்ச்சல்தான் பெரிது. பதினோரு ஆண்டில் 0.3-இலிருந்து ஐந்து!

வில்லாபுரம் வாசகர்: விமானம் கிளம்புவதற்கு முன் ஏசி ஒரு நிமிஷம் நின்றுபோகிறதே, கோளாறா?

கோளாறு இல்லை. விமானத்தின் வால் நுனியில் ஒரு குட்டி டர்பைன் இருக்கிறது. தரையில் நிற்கும்போது ஏசிக்கு அழுத்தக் காற்றைத் தருவது அதுதான். பெரிய என்ஜினை முதல் சுற்று சுற்றவைப்பதும் அதே காற்றுதான். என்ஜினைக் கிளப்பும்போது காற்று அந்தப் பக்கம் திருப்பப்படுகிறது. என்ஜின் பிடித்துக்கொண்டதும் உங்கள் தலைக்கு மேல் குளிர் திரும்பும்.

கப்பலூர் வாசகர்: விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய்தானா?

மண்ணெண்ணெய் இனம்தான். ஆனால் கூடுதலாகச் சுத்திகரித்தது. மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

வாடிப்பட்டி வாசகர்: முன் இருக்கையில் உட்கார்ந்தால் புறப்படும்போது ரம்பம் அறுப்பது போலச் சத்தம் கேட்கிறது. எங்கிருந்து?

விசிறி இறக்கைகளின் நுனியிலிருந்து. ஜிஇ90 விசிறி நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று சுற்றும்போது நுனியின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு இறக்கையும் ஓர் அதிர்வலையை எழுப்புகிறது. அத்தனையும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். உயரம் போய் விசை குறைந்ததும் அடங்கிவிடும்.

வண்டியூர் மாணவி: நிற்கிற விமானத்தின் விசிறி காற்றில் தானாகச் சுற்றும்போது 'டக் டக்' என்கிறது. இறக்கை தளர்ந்துவிட்டதா?

கூர்மையான காது உனக்கு! பல என்ஜின்களில் இறக்கைகளை இறுக்கிப் பற்றவைப்பதில்லை. அடிப்பாகத்தை ஒரு காடிக்குள் சற்றே இடைவெளி விட்டுச் செருகியிருப்பார்கள். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையும் மேலே வந்ததும் லேசாகச் சாய்ந்து தட்டும். வேகமாகச் சுற்றினால் மையவிலக்கு விசை டன் கணக்கில் வெளியே இழுத்து ஒவ்வொன்றையும் காடியில் அசையாமல் பிடித்துவிடும். நடுக்கூம்பில் வெள்ளைச் சுருள் ஒன்று வரைந்திருப்பதையும் பார். என்ஜின் ஓடுகிறது, கிட்டே வராதே என்று தரைப் பணியாளருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. 2015 டிசம்பரில் மும்பையில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரை ஓடும் என்ஜின் இழுத்துக் கொன்றது. அந்தச் சுருளுக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

அனுப்பானடி வாசகர்: மே மாத வெயில் என்ஜினைப் பாதிக்குமா?

பாதிக்கும். வெயிலில் காற்று லேசாகிறது. அதே விசிறி குறைந்த நிறையைத்தான் இழுக்கும். பெரும்பாலான என்ஜின்கள் கடல் மட்டத்தில் சுமார் 30 டிகிரி வரை முழு விசை தரும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் உள்வெப்பம் எல்லை மீறாதபடி கணினி விசையைக் குறைக்கும். மதுரையில் 40 டிகிரி அடிக்கிற மதியத்தில் இறகும் குறைவாகவே தூக்கும், என்ஜினும் குறைவாகவே தள்ளும். அதனால்தான் ஓடுதள நீளத்துக்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடுதளம் தாராளமாக இருந்தால் விமானி முழு விசையைப் பயன்படுத்துவதில்லை. வெளியே 32 டிகிரி இருக்கும். கணினிக்கு 50 டிகிரி என்று கொடுப்பார். அது விசையைக் குறைத்துக்கொள்ளும், என்ஜினின் ஆயுள் கூடும்.

சிம்மக்கல் பட்டறைக்காரர்: உள்ளே 1,500 டிகிரி வெப்பம் என்கிறார்கள். உலோகம் உருகாதா?

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. அங்கே சுழலும் டர்பைன் இறக்கை நிக்கல் கலப்பு உலோகம். சுமார் 1,350 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். அதைவிடச் சூடான வாயுவின் நடுவே அது நிற்கிறது. காப்பாற்றுவது மூன்று. ஒன்று, இறக்கை முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்து வார்க்கிறார்கள்; உலோகத் துகள்களுக்கிடையே எல்லைக்கோடு இல்லாததால் அந்த வழியே இழுபட்டு நீள்வதில்லை. இரண்டு, மேலே மெல்லிய பீங்கான் பூச்சு. மூன்று, இறக்கைக்குள்ளே குடைந்த நுண்வழிகளில் காற்று ஓடி, ஊசித் துளைகள் வழியே வெளிவந்து மேற்பரப்பில் போர்வையாகப் படர்கிறது. அந்தக் 'குளிர்' காற்றே 600 டிகிரி இருக்கும்! உலகில் மிகச் சில நாடுகளால்தான் இந்த வார்ப்பை முழுமையாகச் செய்ய முடிகிறது.

திருப்பரங்குன்றம் வாசகர்: நம் 'காவிரி' என்ஜினைப் பெரிய விமானத்துக்கு மாட்ட முடியாதா?

முடியாது; அது வேறு இனம். பெங்களூரின் ஜிடிஆர்இ ஆய்வகம் போர் விமானத்துக்காக 1980-களில் தொடங்கிய திட்டம் காவிரி. அதன் பைபாஸ் விகிதம் 0.16. போர் விமானத்துக்குச் சீறும் வேகம் வேண்டும், அதனால் விசிறி சிறியது. எதிர்பார்த்த விசை கிடைக்காததால் 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆனால் உழைப்பு வீண்போகவில்லை: உலை, உலோகம், சோதனை என எல்லாவற்றிலும் நம்மவர் கை பழகியது அந்தத் திட்டத்தில்தான். எரிதல் பற்றி ஆராயச் சென்னை ஐஐடியில் தனித் தேசிய மையமே இருக்கிறது. படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

காரியாபட்டி வாசகி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கடல் மேலே இரண்டே என்ஜினோடு பறப்பது பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்று விமானத்தை ஏந்திப் பறக்கும் என்று நிரூபித்த பிறகே உரிமம். எவ்வளவு நேரம் ஒற்றை என்ஜினில் பறந்து ஒரு விமான நிலையத்தை அடையலாம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் வரம்பு உண்டு. 1985-இல் அது 120 நிமிடம். இன்று ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி. இந்த நம்பிக்கை வளர்ந்ததால்தான் நான்கு என்ஜின் விமானங்கள் விடைபெற்றன: ஏ380 தயாரிப்பு 2021-இல் முடிந்தது, கடைசி 747 விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது.

அதே வாசகி: எல்லா என்ஜினும் நின்றுவிட்டால்?

அப்படியும் நடந்திருக்கிறது, அந்த விமானம் நம் சென்னையையும் தொட்டுப்போனது. 1982 ஜூன் 24. லண்டனிலிருந்து மும்பை, சென்னை, கோலாலம்பூர் வழியாக நியூசிலாந்து நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவா தீவுக்கு அருகே இரவில் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு என்ஜினும் நின்றன. சாம்பல் உலைச் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டதுதான் காரணம். விமானம் சறுக்கியபடியே இறங்கியது. சாம்பலைக் கடந்ததும், குளிர்ந்த என்ஜினில் ஒட்டியிருந்தது உடைந்து உதிர, என்ஜின்கள் மறுபடி உயிர்பெற்றன. 263 பேரும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். என்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழாது. உயரம் இருந்தால் நேரம் இருக்கிறது.

தெப்பக்குளம் வாசகர்: ஆமதாபாத் விபத்தில் உயரமும் இல்லை, நேரமும் இல்லை. என்ஜின்தானே குற்றவாளி?

2025 ஜூன் 12 நம் எல்லோரையும் உலுக்கிய நாள். விமானத்தில் 241 பேர், தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 260 உயிர்கள். ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொன்னது இது: எழும்பிய சில நொடிகளில் இரு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்குப் போயின, எரிபொருள் நின்றது, விசையும் நின்றது. ஏன் போயின என்பதற்கு அந்த அறிக்கை விடை தரவில்லை. என்ஜின் தயாரிப்பாளருக்கு அந்தக் கட்டத்தில் எந்த நடவடிக்கையும் பரிந்துரைக்கவும் இல்லை. இறந்துபோன விமானிகளை நாற்சந்தியில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

அவனியாபுரம் வாசகி: வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் பருந்தும் காக்கையும் மொய்க்கின்றன. விமானத்துக்கு ஆபத்துதானே?

ஆபத்துதான். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டவோ, ஆடு மாடு அறுத்துக் கழிவை எறியவோ கூடாது என்று விமான விதிகளே சொல்கின்றன. என்ஜினைப் பொறுத்தவரை, மிகப்பெரிய ரகங்கள் 3.65 கிலோ எடையுள்ள பறவை ஒன்றை விழுங்கினாலும் சிதறாமல், தீப்பிடிக்காமல் அடங்க வேண்டும் என்பது சோதனை விதி. இந்தச் சோதனை ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டியது. ரோல்ஸ்ராய்ஸ் தன் ஆர்பி211 என்ஜினுக்குக் கார்பன் இழை இறக்கை செய்தது. 1970-இல் பறவைச் சோதனையில் அது நொறுங்கியது. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு ஏறி, 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாகி, பிரிட்டன் அரசு எடுத்துக்கொண்டது. இறக்கை எவ்வளவு வலுவானாலும், பறவையைக் குப்பை போட்டு அழைக்கக் கூடாது. மாநகராட்சியைத் தொடர்ந்து கேளுங்கள்.

ஒத்தக்கடை வாசகர்: ஆயுத பூஜைக்கு விமான என்ஜினுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கலாமா?

சந்தனம், குங்குமம், பூஜை எல்லாம் தாராளமாக இழுவை வண்டிக்கும் கருவிப் பெட்டிக்கும் செய்யுங்கள். என்ஜின் பக்கம் எலுமிச்சை, பூ, சில்லறை எதுவும் வேண்டாம். 2017-இல் ஷாங்காயில் ஒரு மூதாட்டி நல்ல சகுனத்துக்காகக் காசுகளை என்ஜினுக்குள் வீசினார். விமானத்தைக் காலி செய்து, காசைத் தேடி எடுத்த பிறகே கிளப்பினார்கள். ஓடுதளத்தில் தினமும் ஆட்கள் நடந்து கல், ஆணி, திருகு பொறுக்குகிறார்களே, அதுதான் என்ஜினுக்குச் செய்யும் அன்றாட பூஜை.

பேரையூர் மாணவி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம். இந்த என்ஜினில் கை வைத்து வேலை பார்க்க என்ன படிக்க வேண்டும்?

இந்த வாரத்தின் முதல் பரிசு உனக்குத்தான். இரண்டு வழி இருக்கிறது. வடிவமைக்க ஆசை என்றால் விமானப் பொறியியல்; குரோம்பேட்டை எம்ஐடியில் 1949 முதல் கற்றுத்தருகிறார்கள், அப்துல் கலாம் படித்த இடம். கழற்றி மாட்டிப் பழுது பார்த்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட ஆசை என்றால் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம். நீ எடுக்க வேண்டிய பிரிவு பி1.1. தேர்வுத் தாள்களில் 15-ஆவது, எரிவாயு டர்பைன் என்ஜின். நல்ல பட்டறை அனுபவமும் சேர்ந்தால்தான் உரிமம். ஒன்றை மறக்காதே: பணம் கட்டும் முன், அந்தப் பயிற்சி நிலையம், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று நீயே இணையத்தில் பார். விளம்பரத்தை நம்பாதே.

சின்ன உடைப்பு வாசகர்: ஓடுதளத்துக்காக எங்கள் வீடும் நிலமும் போகிறது. உங்கள் பெரிய என்ஜின் எங்களுக்கு என்ன தரும்?

நியாயமான கோபம் ஐயா. ஓடுதளம் நீள வேண்டும் என்று முதல் பதிலில் எழுதியது நான்தான். அந்த நீளம் உங்கள் ஊரின் மண் வழியாகப் போகிறது என்பதையும் நான்தான் எழுத வேண்டும். மாற்று இடம் கேட்டு உங்கள் ஊர் போராடியது சரி. இழப்பீட்டோடு, ஊராகச் சேர்ந்து வாழ மனையும், விமான நிலைய வேலைகளில் உங்கள் பிள்ளைகளுக்கு முன்னுரிமையும், பேரையூர்ப் பெண் கேட்ட படிப்புக்கு உங்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுத்த பிறகே மண் வெட்டும் இயந்திரம் உள்ளே வர வேண்டும். மாவட்ட நிர்வாகமும் மக்கள் பிரதிநிதிகளும் இதை எழுத்தில் தர வேண்டும். நிலம் கொடுத்தவர் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்கும் விமான நிலையம் மதுரைக்கு வேண்டாம்.